கொழுக்க வைக்கும் செம்மறிக் குட்டிகளுக்கு மாட்டுத் தாது உப்பைக் கொடுக்கலாமா?

பரண்பட்டி (ஓமலூர் வட்டாரம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பக்ரீத் விற்பனையை மனதில் வைத்து 40 மேச்சேரிக் கிடாக்குட்டிகளைப் பரண் கொட்டகையில் அடைத்து வளர்த்து வருகிறேன். பால் மறந்த மூன்று மாதக் குட்டிகளாகச் சந்தையில் வாங்கியவை. வாங்கியபோது சராசரி எடை 12 கிலோ. ஐந்து வாரம் கழிந்து இப்போது 15 கிலோவைத் தொட்டிருக்கின்றன.

அடர்தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 22 கிலோ, கோதுமைத் தவிடு 35 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ என்பது என் கணக்கு. குட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அடர்தீவனமும், அதற்கு மேல் சோளத்தட்டு, கடலைக்கொடி, வரப்பில் நிற்கும் சூபாபுல் தழை ஆகியவையும் கொடுக்கிறேன். தழை இப்போது நிறையக் கிடைப்பதால் அதைத்தான் அதிகமாகப் போடுகிறேன்.

தாது உப்பு, வீட்டுக் கறவை மாடுகளுக்கு வாங்கும் அதே பைதான். கிலோவுக்குத் தாமிரம் 1000 மி.கி., துத்தநாகம் 8000 மி.கி., கோபால்ட் 120 மி.கி., அயோடின் 260 மி.கி. என்று பையில் அச்சிட்டிருக்கிறது. எடை வேகமாக ஏற வேண்டுமானால் 2 கிலோவை 4 கிலோ ஆக்கும்படியும், கூடவே தாது உப்புக் கட்டி ஒன்றை நக்குவதற்குத் தொங்கவிடும்படியும் தீவனக் கடைக்காரர் சொல்கிறார். செலினியம் ஊசி போட்டால் குட்டிகள் நன்றாகத் தேறும் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்கிறார். இதற்கிடையில் நான்கு குட்டிகளுக்குத் தொடையிலும் முதுகிலும் முடி கொத்துக்கொத்தாகக் கழன்று வருகிறது. இது துத்தநாகக் குறைவால் வருவதா? தாது உப்பைக் கூட்டினால் சரியாகுமா? பட்டறிவு உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செம்மறி மருத்துவர் (நாமக்கல்) எழுதியது:

கூட்டாதீர்கள். இப்போது போடும் 2 கிலோவையும் இன்றோடு நிறுத்துங்கள். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். ஏனெனில் இது தீவனக் கடைகளில் நாள்தோறும் நடக்கும் தவறு.

மாட்டுக்கும் செம்மறிக்கும் தாது உப்பில் உள்ள பெரிய வேறுபாடு தாமிரம்தான். உடலில் மிஞ்சிய தாமிரத்தை மாடு பித்தநீர் வழியாக ஓரளவு வெளியேற்றிவிடும். செம்மறிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உள்ளே போனதில் பெரும்பகுதியை ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவேதான், உலர் தீவனம் ஒரு கிலோவில் 40 மி.கி. வரை தாமிரத்தை மாடு தாங்கும் என்று வைத்திருப்பவர்கள் செம்மறிக்கு 15 மி.கி.யில் கோடு போட்டிருக்கிறார்கள். வெள்ளாடும் செம்மறியைவிட அதிகம் தாங்கும் என்பதால், வெள்ளாடு வளர்ப்பவர் சொல்லும் அனுபவத்தைக்கூட அப்படியே செம்மறிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பொருள்களில் இயற்கையாக உள்ள தாமிரம் ஊருக்கு ஊர் சற்று மாறும் என்றாலும், மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 3 மி.கி., கடலைப் புண்ணாக்கில் 15 மி.கி., கோதுமைத் தவிட்டில் 12 மி.கி. என்று கொண்டால், தாது உப்பு சேர்ப்பதற்கு முன்பே உங்கள் அடர்தீவனத்தில் கிலோவுக்கு 9 மி.கி. அளவில் தாமிரம் இருக்கிறது. நீங்கள் 2 சதவீதம் சேர்க்கும் கலவை அதன்மேல் 20 மி.கி. ஏற்றுகிறது. ஆக, அடர்தீவனத்தில் கிலோவுக்கு 29 மி.கி. ஆகிறது. குட்டி 400 கிராம் அடர்தீவனத்தோடு, உலர் எடையில் 250 கிராம் தட்டும் கொடியும் தழையும் தின்கிறது என்று வைத்தால், மொத்தத் தீவனத்தில் தாமிரம் கிலோவுக்கு 20 மி.கி.யைத் தாண்டிவிடுகிறது. கடைக்காரர் சொன்னபடி 4 கிலோ ஆக்கினால் அது 33 மி.கி.க்கு அருகே போய் நிற்கும். தாமிரம் சேர்க்கவே இல்லை என்றால் எவ்வளவு வரும் தெரியுமா? 8 மி.கி. வரும். வளரும் செம்மறிக்குட்டிக்கு வேண்டியதும் ஏறத்தாழ அந்த அளவுதான். புண்ணாக்கும் தவிடுமே உங்கள் குட்டிகளுக்குத் தேவையான தாமிரத்தைக் கொடுத்துவிட்டன என்பதுதான் இதன் பொருள்.

கொட்டகையில் அடைத்து வளர்க்கும் குட்டிகளுக்கு இந்த ஆபத்து மேய்ச்சல் குட்டிகளைவிடக் கூடுதல். மேயும் ஆடு புல்லோடு மண்ணையும் கொஞ்சம் தின்னும். மண்ணில் உள்ள இரும்பும், புல்லில் உள்ள மாலிப்டினமும் கந்தகமும் தாமிரத்தைக் குடலிலேயே பிடித்து வைத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தானியமும் தவிடும் தின்னும் குட்டிக்கு அந்தத் தடுப்பு இல்லை. வயதும் முக்கியம்: அசையூண் வயிறு முழுமையாக வளராத பால்குடிக் குட்டி தின்ற தாமிரத்தில் பாதிக்கும் மேல் உடம்பில் ஏற்றிக்கொள்ளும், பால் மறந்து தீவனத்துக்கு மாறிய பின் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். எனவே, தாயோடு இருக்கும் குட்டிகளுக்கு வைக்கும் தொடக்கத் தீவனத்தில் மாட்டுத் தாது உப்பைக் கலப்பது இதைவிடவும் மோசமான பழக்கம்.

தாமிரம் செம்மறிக்கு நஞ்சு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சினைக் காலத்தில் தாய்க்குத் தாமிரம் குறைந்தால், பிறக்கும் குட்டி பின்னங்கால் தள்ளாடி, எழுந்து நிற்க முடியாமல் போகும். அந்தக் குறை உள்ள மந்தைக்குத் தாமிரம் மருந்து. ஆனால் அது உங்கள் கிடாக்குட்டிகளின் நிலைமை இல்லை.

முடி உதிர்வதற்கு வருகிறேன். துத்தநாகக் குறைவில் முடி மட்டும் உதிராது. கண்ணைச் சுற்றியும் மூக்கைச் சுற்றியும் குளம்புக்கு மேலேயும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும், குட்டி இரை எடுப்பது குறையும், கிடாக்களுக்கு விதை வளர்ச்சியும் பின்தங்கும். உங்கள் தவிட்டிலும் புண்ணாக்கிலும் துத்தநாகம் போதுமான அளவில் இருக்கிறது. கலவை வழியாகவும் ஐந்து வாரமாக நிறையப் போயிருக்கிறது. தோல் மென்மையாக இருக்க, முடி மட்டும் கொத்தாகக் கையோடு வருகிறது என்றால் என் சந்தேகம் சூபாபுல் மீதுதான். அந்தத் தழையில் மைமோசின் என்ற பொருள் உண்டு. அது முடியின் வேரைத் தளர்த்தும். அது வயிற்றில் சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையையும் கெடுக்கும். மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூபாபுல் வேண்டாம். முடி கழன்ற நான்கு குட்டிகளுக்கும் அதை முழுவதும் நிறுத்திவிட்டு வேலிமசாலோ கடலைக்கொடியோ கொடுத்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். அரிப்பு இருந்து, குட்டிகள் கம்பத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அப்போது தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

கரூர்ப் பட்டிக்காரன் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதை எண்ணிக்கையாகப் படித்தவர்கள், அது பட்டியில் எப்படி வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்ற ஆண்டு நானும் மாட்டுத் தாது உப்பைத்தான் கலந்தேன். போதாதற்கு, பக்கத்துக் கோழிப்பண்ணையில் மிஞ்சிய தீவனம் மலிவாகக் கிடைத்ததென்று அதையும் வாங்கிப் போட்டேன். மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. குட்டிகள் மினுமினுப்பாக, கண்ணுக்கு நிறைவாக இருந்தன. இதே முறையைப் பின்பற்றும்படி உறவுக்காரர்கள் இரண்டு பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

பிறகு ஒரு நாள் எடை போடுவதற்காக எல்லாக் குட்டிகளையும் பிடித்துக் கட்டி, வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. மறுநாள் காலையில் இருப்பதிலேயே பெரிய கிடா ஒன்று தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. காய்ச்சல் இல்லை. கண் இமையை விரித்துப் பார்த்தால், குடற்புழு தாக்கிய குட்டிக்கு வெளுத்திருக்குமே, அப்படி இல்லாமல் மஞ்சள் அரைத்துப் பூசியது போல் இருந்தது. அது நின்ற இடத்தில் பரண் பலகையில் சிறுநீர் பட்டிருந்தது, கடுங்காப்பி நிறம். அன்று மாலைக்குள் அது இறந்தது. அடுத்த ஐந்து நாளில் மேலும் மூன்று குட்டிகள் போயின. நான்குமே மந்தையில் நன்றாகத் தின்று முன்னால் நின்றவை.

மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தபோது உடம்புக்குள் கொழுப்பெல்லாம் மஞ்சளாக இருந்தது. சிறுநீரகம் துப்பாக்கி உலோகம் போலக் கருநீலமாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன தாது உப்பு போடுகிறீர்கள்?” என்பதைத்தான் அவர் முதலில் கேட்டார். நான் பையைக் கொண்டுவந்து காட்டியதும் தாமிரம் என்ற வரியில் விரலை வைத்தார். அந்தச் சிறுநீரகத்தின் நிறம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பரண்பட்டி எழுதியது:

படித்தவுடன் கை நடுங்கிவிட்டது. நேற்று மாலையே தாது உப்பு சேர்த்த தீவனத்தைக் குட்டிகளுக்கு வைப்பதை நிறுத்திவிட்டேன். மிச்சமிருப்பது மாடுகளுக்குப் போகட்டும். என் குட்டிகள் ஐந்து வாரமாக இதைத் தின்றிருக்கின்றன. இப்போது நோய் எதுவும் வெளியே தெரியவில்லை. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா? சேர்ந்ததை இறக்க வழி உண்டா? மாட்டுத் தாது உப்புக்குப் பதிலாக எதைச் சேர்ப்பது, அல்லது ஒன்றுமே சேர்க்காமல் விட்டுவிடலாமா?

செம்மறி மருத்துவர் எழுதியது:

பதற வேண்டாம், ஐந்து வாரத்தில் கண்டுபிடித்தது நல்லது. கரூர் நண்பர் பட்ட துன்பத்தை இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. அவர் சொன்னதில் உள்ள இரண்டு செய்திகளை எல்லாரும் கவனிக்க வேண்டும். முதலாவது, நன்றாகத் தின்னும் குட்டிதான் அதிகத் தாமிரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே முதலில் விழுவதும் அதுவே. இரண்டாவது, வெயிலில் கட்டி வைத்ததற்கு மறுநாள் நோய் வெடித்தது. ஈரலில் தாமிரம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். பிறகு பயணம், பட்டினி, வெயில், திடீர்த் தீவன மாற்றம் என்று உடம்புக்கு ஏதோ ஒரு நெருக்கடி வரும்போது, ஈரல் தாங்காமல் அதை ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலையும் காப்பி நிறச் சிறுநீரும் அப்போதுதான் தெரியும். அந்த நிலைக்கு வந்த குட்டிகளில் பிழைப்பவை குறைவு. சிவந்த சிறுநீருக்கு உண்ணிக் காய்ச்சல் முதலான வேறு காரணங்களும் உண்டு என்பதால், இறந்ததை அறுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

இரத்தத்தில் தாமிர அளவைப் பார்ப்பது உங்களுக்கு இப்போது உதவாது. வெடிக்கும் நாள் வரை அது இயல்பாகவே இருக்கும். ஈரல் நொதிகளான ஏ.எஸ்.டி., ஜி.ஜி.டி. இரண்டும் அதற்குச் சில வாரம் முன்பே உயரத் தொடங்கும் என்பதால், இருப்பதில் பெரிய குட்டிகள் ஐந்தாறுக்கு இரத்தம் எடுத்து அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி எதையேனும் இறைச்சிக்கு அறுக்க நேர்ந்தால் ஈரலில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் தெளிவான விடை தரும். நொதிகள் உயர்ந்திருந்தால் அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் சில வாரம் தீவனத்தில் கொடுத்துத் தாமிரத்தை இறக்குவது வழக்கம். அளவைக் குட்டியின் எடை பார்த்து உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் படித்து நீங்களாகக் கொடுக்கும் மருந்து அதுவன்று, அளவு மிஞ்சினால் அதுவும் கெடுதல் செய்யும். அடுத்த இரண்டு மாதத்துக்குக் குட்டிகளைத் துரத்திப் பிடிப்பது, நண்பகலில் எடை போடுவது, வண்டியில் ஏற்றி இறக்குவது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மயில்துத்தத்தைக் கரைத்துக் குடற்புழுவுக்கு ஊற்றும் பழைய வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். குளம்பு நனைக்க அதைக் கரைத்து வைத்திருந்தால், குட்டிகள் அந்தத் தண்ணீரைக் குடிக்காதபடி மூடி வையுங்கள்.

தாது உப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் சரியில்லை. செம்மறிக்கென்று தயாரித்த, தாமிரம் சேர்க்கப்படாத கலவையைக் கேட்டு வாங்குங்கள். “ஆடு, மாடு, எருமை அனைத்துக்கும்” என்று ஒரே பையில் எழுதியிருந்தால் அது மாட்டுக் கலவைதான். கலவையில் நான் முதலில் பார்ப்பது கோபால்ட். அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினைத் தயாரிப்பதற்கு அது வேண்டும். தானியம் கூடும்போது வயிற்றில் புரோப்பியானிக் அமிலம் அதிகமாக உருவாகிறது. அதை உடம்பு சர்க்கரையாக மாற்றிப் பயன்படுத்துவதற்கு அந்த பி12தான் உதவுகிறது. அது குறைந்தால் தீவனம் முன்னால் இருந்தும் குட்டி தின்னாது, கண்ணில் நீர் வடிந்து முகத்தில் கறை படியும், எடை நின்றுவிடும். நல்ல மேய்ச்சலிலேயே ஆடுகள் மெலிந்து சாவதற்குக் கோபால்ட் குறைவுதான் காரணம் என்பதை 1935ஆம் ஆண்டு வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட்டும் ஃபில்மரும் கண்டறிந்தார்கள். அதுவரை அது இரும்புச் சத்துக் குறைவு என்றே நம்பப்பட்டது. இரும்பு உப்பில் கலப்படமாக இருந்த கோபால்ட்தான் ஆடுகளைத் தேற்றியது. தேவை கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. மட்டுமே, சற்று மிஞ்சினாலும் கோபால்ட்டால் தீங்கு இல்லை.

செலினியம் அப்படியன்று. 0.1 முதல் 0.3 மி.கி. என்ற மிகக் குறுகிய வரம்பில் ஓடும் சத்து அது. கலவையில் ஒரு பங்கு, நக்கும் கட்டியில் ஒரு பங்கு, ஊசியில் ஒரு பங்கு என்று மூன்று வழியாகவும் போனால் நஞ்சாகும். குறை இருப்பதற்கான அடையாளம் (தசை விறைத்து நடப்பது, ஓடவிட்டால் திடீரென விழுந்து சாவது) எதையும் நீங்கள் சொல்லவில்லை. எனவே அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டு ஊசியை விட்டுவிடுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 35 சதவீதம் தவிடு என்பது கிடாக்குட்டிக்கு அதிகம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இந்தச் சமநிலை கெட்டால் சிறுநீர்க் கல் உண்டாகி நீரடைப்பு வரும். தவிட்டை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, 1 கிலோ சுண்ணாம்புக்கல் தூளைச் சேருங்கள். தண்ணீர்த் தொட்டி எந்த நேரமும் நிறைந்து இருக்கட்டும்.

புதிய கலவையில் ஒரு மாதிரி எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். மேச்சேரி இனத்துக்கென்றே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; ஓமலூரிலிருந்து தொலைவில்லை, ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

அரவை மில் (தாராபுரம்) எழுதியது:

மருத்துவர் சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தீவனம் கலக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பையில் எழுதியிருக்கும் மில்லிகிராம், 100 கிலோவுக்குள் ஒரே சீராகப் பரவினால்தான் அந்தக் கணக்கு உண்மையாகும். மண்வெட்டியால் புரட்டிக் கலக்கும் இடங்களில் தாது உப்பு பெரும்பாலும் குவியலின் அடியில் தங்கிவிடும். தவிட்டைவிட அது கனமானது, நுண்மையானது. தொட்டியில் கொட்டும்போதும் அதே கதைதான்: குட்டிகள் மேலே உள்ள மக்காச்சோள நொய்யைப் பொறுக்கித் தின்றுவிடும், அடியில் சாம்பல் நிறத் தூள் ஒரு விரற்கடை அளவு படியும். தின்று முடித்த பின் தொட்டியை விரலால் வழித்துப் பாருங்கள், தெரியும். எல்லாக் குட்டிகளும் போன பிறகும் நின்று அதை நக்கிக்கொண்டிருக்கும் குட்டி ஒன்று ஒவ்வொரு பட்டியிலும் இருக்கும். சராசரி 20 மி.கி. என்றால் அந்தக் குட்டிக்குப் போவது 20 மி.கி. அல்ல.

எனவே செம்மறிக்கென்று வாங்கும் தாது உப்பு 2 கிலோ என்றால், அதை முதலில் 2 கிலோ தவிட்டோடு கையால் நன்றாகப் பிசறுங்கள். அந்த 4 கிலோவை இன்னும் 4 கிலோ தவிட்டோடு, பிறகு 8 கிலோவோடு என்று பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் மொத்தக் குவியலில் சேருங்கள். 100 கிலோவுக்கு 3 கிலோ கரும்பாலைப் பாகைச் சிறிது வெந்நீரில் கரைத்துத் தெளித்துப் புரட்டினால் தூள் நொய்யோடு ஒட்டிக்கொள்ளும், அடியில் இறங்காது. மழைக்காலத்தில் பாகு சேர்த்த தீவனத்தை நான்கைந்து நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள், பூசணம் பிடித்துவிடும். மாடும் ஆடும் ஒரே வீட்டில் இருப்பதால் இரண்டு பைகளையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம். இடமில்லை என்றால் ஆட்டுப் பையின் வாயில் சிவப்புக் கயிற்றைக் கட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தீவனம் கலக்கப்போவது வேறொருவர். அவர் பையில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்க்க மாட்டார்.